போர்க் கடன்பத்திரம்: ஐந்து நாட்டுச் சரக்கு, ஒரு மதிப்புரை

கொடுக்க வேண்டியது 18 டாலர் 75 சென்ட். பத்து வருஷம் பொறுத்தால் 25 டாலர். வட்டிச் சீட்டு கிழிக்க வேண்டாம், சந்தை விலை பார்க்க வேண்டாம், பெயரில் பதிவாகியிருப்பதால் தொலைந்து போனாலும் மாற்றுப் பத்திரம் கிடைக்கும். 1941 மே 1 அன்று அமெரிக்க நிதித்துறை விற்பனைக்கு விட்ட ‘ஈ’ வரிசைச் சேமிப்புப் பத்திரம் இது. முதல் பத்திரத்தை வாங்கியவர் அதிபர் ரூஸ்வெல்ட், விற்றவர் நிதியமைச்சர் மார்கெந்தாவ். அஞ்சலகத்தில் என்எஸ்சி (தேசியச் சேமிப்புச் சான்றிதழ்) வாங்கிப் பழகியவர்களுக்கு இந்த வடிவம் புதிதல்ல.

போர்க் கடன்பத்திரத்தை நாட்டுப்பற்றின் சின்னமாகவே எல்லோரும் பேசுகிறார்கள். அதை ஒரு முதலீட்டுச் சரக்காகப் பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு. விலை என்ன, தவணை என்ன, நடுவில் பணம் எடுக்க முடியுமா, கடைசியில் கையில் வந்த பணத்துக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு துணி வாங்க முடிந்தது என்று கேட்டுக்கொண்டே போனால், போர்ச் செலவு ஒரு நாட்டின் பொருளாதாரத்தை எங்கே தொடுகிறது, எங்கே உடைக்கிறது என்பதும் கூடவே வெளியே வரும். இந்த மதிப்புரைக்கு எடுத்துக்கொண்டவை ஐந்து: அமெரிக்காவின் ஈ பத்திரம், பிரிட்டனின் ‘வார் லோன்’, ஜெர்மனியின் முதல் உலகப் போர்க் கடன்பத்திரம், இந்தியாவின் 1965 தங்கப் பத்திரம், உக்ரைனின் 2022 ராணுவப் பத்திரம். எல்லாவற்றிடமும் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. வட்டி எவ்வளவு என்பதல்ல அது. மக்கள் வாங்காமல் விட்ட மீதியை யார் வாங்கினார்கள்?

அமெரிக்கப் பத்திரத்திலிருந்தே தொடங்கலாம். முகமதிப்பு 25, 50, 100, 500, 1,000 டாலர். விலை முகமதிப்பில் முக்கால். மொத்தமாகக் கொடுக்க முடியாதவர்களுக்குத் தபால்தலை போன்ற சேமிப்பு முத்திரைகள், 10 சென்ட்டிலிருந்து. 25 சென்ட் முத்திரை 75 ஒட்டினால் ஆல்பம் நிரம்பும். கணக்குப் பாருங்கள், சரியாக 18.75. நிரம்பிய ஆல்பத்தைக் கொடுத்துப் பத்திரம் வாங்கிக்கொள்ளலாம். ஆல்பத்தில் கிடந்த காலத்துக்கு வட்டி கிடையாது. தொழிற்சாலைகளில் சம்பளப் பிடித்தம். பத்து சதவீதம் பிடிக்க ஒப்புக்கொள்ளுங்கள் என்ற பிரசாரம் எந்தச் சுவரைப் பார்த்தாலும் இருந்தது.

விளம்பரத்தில் சொன்ன வட்டி, ஆறு மாதக் கூட்டுவட்டியாக 2.9 சதவீதம். அது பத்து வருஷமும் பொறுத்தவருக்கு மட்டும். பத்திரத்தின் முதுகில் அச்சிட்டிருந்த அட்டவணைதான் உண்மையான சரக்கு. வாங்கி 60 நாள் கழிந்தால் எப்போது வேண்டுமானாலும் பணமாக்கலாம், ஆனால் முதல் வருஷம் முழுக்க மதிப்பு அதே 18.75; ஒரு சென்ட் கூட ஏறாது. ஒரு வருஷம் தாண்டினால் 18.87. மூன்று வருஷத்தில் 19.50. ஐந்தில் 20.50. முதல் ஐந்து வருஷத்தில் ஏறியது 1.75 டாலர், அடுத்த ஐந்தில் ஏறியது 4.50. பாதி வழியில் இறங்கியவருக்குக் கிடைத்த வட்டி வருஷத்துக்கு 1.8 சதவீதம்தான்.

வட்டியைக் கடைசியில் கொண்டுபோய்க் குவித்து வைத்ததில் தந்திரம் இருக்கிறது. இந்தப் பத்திரத்தை வேறொருவருக்கு விற்கவும் முடியாது. விற்க முடியாது, சீக்கிரம் எடுத்தால் நஷ்டம் என்றால் பணம் உள்ளேயே கிடக்கும். அரசுக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

ஏன் என்பதற்குக் கார் ஆலைகளின் நகரமான டெட்ராய்ட்டைப் பார்க்க வேண்டும். 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. எஃகு, ரப்பர், ஆள், இயந்திரம் எல்லாம் டாங்கிக்கும் விமானத்துக்கும் போனது. சம்பளம் மட்டும் நிற்கவில்லை. 1940-இல் 14.6 சதவீதமாக இருந்த வேலையின்மை 1944-இல் 1.2 சதவீதம். வீட்டில் நான்கு பேருக்கு வேலை, கையில் காசு, கடையில் சரக்கு இல்லை. போருக்கு ஆகும் உண்மையான செலவு டாலர் அல்ல, அந்த எஃகும் உழைப்பும்தான். அதை யாராவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். வரி போட்டு எடுத்தால் பட்டவர்த்தனமாக எடுப்பது. சேமிக்கச் சொல்லி எடுத்தால் ‘பிறகு தருகிறேன்’ என்று எடுப்பது. இரண்டும் இல்லாவிட்டால் விலைவாசி தானாக ஏறி, கேட்காமலே எடுத்துக்கொள்ளும்.

போர்ச் செலவு பொருளாதாரத்தை வளர்க்கும் என்று வாதிடுபவர்கள் எப்போதும் காட்டுவது அந்த 14.6-லிருந்து 1.2-க்கு இறங்கிய எண்ணைத்தான். எண் பொய்யில்லை. ஆனால் அது பத்து வருஷப் பெருமந்தத்தில் சும்மா கிடந்த ஆலையும் ஆளும் எழுந்த கணக்கு. 1943 வாக்கில் சும்மா கிடப்பது எதுவும் மீதமில்லை. அதற்குப் பிறகு ஒரு விமானம் கூடுதலாக வேண்டுமென்றால் எங்கோ ஒரு குளிர்பதனப் பெட்டி குறைந்தாக வேண்டும். 1945 நிதியாண்டில் மத்திய அரசின் மொத்தச் செலவு 9,270 கோடி டாலர், அதில் பாதுகாப்புக்கு மட்டும் சுமார் 8,300 கோடி. நாட்டின் மொத்த உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இந்த அளவுச் செலவை எந்தப் பொருளாதாரமும் ‘வளர்ச்சி’யாகச் செரிக்காது.

அமெரிக்கா மூன்று வழியையும் கலந்தது, ஓரளவு நிதானத்தோடு. 1939-இல் வருமான வரி கட்டியவர்கள் சுமார் 40 லட்சம் பேர்; 1945-இல் சுமார் 4.3 கோடி. 1943 ஜூலையிலிருந்து சம்பளத்திலேயே வரிப் பிடித்தம். போர்ச் செலவில் பாதிக்குச் சற்றுக் குறைவாக வரியிலேயே வந்தது. எட்டுத் தவணையாக நடந்த கடன் திரட்டும் இயக்கங்களில் சுமார் 15,700 கோடி டாலர் சேர்ந்தது. ஆனால் அதில் பெரும்பகுதி ஈ பத்திரமல்ல. காப்பீட்டு நிறுவனங்களும் பெருநிறுவனங்களும் பெரிய பத்திரங்களாக வாங்கியவை.

இங்கேதான் அந்தக் கேள்வி: மீதியை யார் வாங்கினார்கள்? தொழிலாளி சம்பளத்திலிருந்து 18.75 கொடுத்துப் பத்திரம் வாங்கினால், அவர் செலவழிக்காமல் விட்ட 18.75 அரசிடம் போகிறது. நாட்டில் புதுப்பணம் பிறக்கவில்லை. அதே பத்திரத்தை ஒரு வங்கி வாங்கினால், வங்கி அரசின் கணக்கில் புது டெபாசிட் எழுதுகிறது. யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, பணம் மட்டும் கூடிவிட்டது. மைய வங்கி வாங்கினால் இன்னும் வீரியம். 1942 ஏப்ரலிலிருந்து அமெரிக்க மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் ஒரு வாக்கைக் காப்பாற்றி வந்தது: குறுகிய கால அரசு உண்டியலுக்கு (சில மாதத்துக்கு வாங்கும் கடனுக்கான சீட்டு) வட்டி 0.375 சதவீதம், நீண்ட காலப் பத்திரத்துக்கு 2.5 சதவீதம், அந்த விலைக்கு யாரும் வாங்காததை அது வாங்கிக்கொள்ளும். 1941 முடிவில் அதன் கையிலிருந்த அரசுப் பத்திரம் சுமார் 225 கோடி டாலர். 1945 முடிவில் சுமார் 2,400 கோடி.

போர் நடந்தவரை ரேஷனும் விலைக்கட்டுப்பாடும் மூடியை அழுத்திப் பிடித்தன. 1946-இல் மூடி திறந்தது. அந்த ஒரே வருஷத்தில், டிசம்பருக்கு டிசம்பர், விலைவாசி 18 சதவீதம் ஏறியது. ஃபெடரல் ரிசர்வ் தன் வாக்கிலிருந்து விடுபட்டது 1951 மார்ச்சில், நிதித்துறையோடு ஒப்பந்தம் போட்ட பிறகு.

ஈ பத்திரத்தின் இறுதிக் கணக்கு இப்படி. 1941-இல் நுகர்வோர் விலைக் குறியீடு சராசரி 14.7, 1951-இல் 26.0. கையில் வந்த 25 டாலரை 1941-இன் விலைக்கு மாற்றினால் சுமார் 14 டாலர் 13 சென்ட். போட்டது 18.75. பத்து வருஷம் பொறுத்தவர் நாலில் ஒரு பங்கு அசலை இழந்தார். அதுவும் வட்டிக்கு மத்திய அரசின் வருமான வரி கட்டுவதற்கு முன்னால். வாக்குப்படி ஒரு சென்ட் குறையாமல் வந்தது, தவணை தவறவில்லை. ஆனால் போரின் விலையில் ஒரு பகுதி அவர் பத்திரத்துக்குள்ளேயே பிடிக்கப்பட்டுவிட்டது. ஐந்து சரக்குகளில் இது நடுத்தரம் என்று சொல்வதே நியாயம், ஏனென்றால் இதைவிட மோசமானதைப் பார்க்கப் போகிறோம்.

பிரிட்டனின் வார் லோனுக்கு ஆயுசு நீளம். முதல் வெளியீடு 1914 நவம்பர்: 35 கோடி பவுண்டு, வட்டி 3.5 சதவீதம், 100 பவுண்டு பத்திரம் 95-க்கு. அளவுக்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. நூறு வருஷத்துக்கும் மேலாக அப்படியே நம்பப்பட்டது. 2017-இல் இங்கிலாந்து வங்கியின் பழைய பேரேடுகளை ஆராய்ந்தவர்கள் உண்மையை வெளியிட்டார்கள்: பொதுமக்களிடமிருந்து வந்தது இலக்கில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை, சுமார் 9.1 கோடி பவுண்டுதான். பள்ளத்தை நிரப்ப வங்கியே வாங்கியது. அதுவும் தன் பெயரில் அல்ல, தலைமைக் காசாளர் கார்டன் நேர்ன், அவருடைய துணைவர் எர்னஸ்ட் ஹார்வி ஆகிய இருவரின் பெயரில். அன்றைக்குக் கடன் அமோக வெற்றி என்று எழுதிய ஃபைனான்ஷியல் டைம்ஸ் 2017-இல் திருத்தம் போட்டது. நூற்று மூன்று வருஷம் தாமதமான திருத்தம் என்றாலும் போட்டார்களே.

முதல் கடை காற்றாடியதால் வட்டியை ஏற்ற வேண்டி வந்தது. 1915-இல் 4.5 சதவீதம். 1917 ஜனவரியில் 5 சதவீதம், விலை மறுபடி 95. இதைத்தான் குடும்பம் குடும்பமாக வாங்கினார்கள். சிறு சேமிப்பாளருக்கு 1916-இலிருந்தே தனிச் சரக்கு இருந்தது: போர்ச் சேமிப்புச் சான்றிதழ், 15 ஷில்லிங் 6 பென்ஸ் கொடுத்தால் ஐந்து வருஷத்தில் ஒரு பவுண்டு. அதே சரக்கு 1917-இல் இந்திய அஞ்சலகங்களுக்கும் வந்தது. ஐந்தாண்டு ‘கேஷ் சர்டிபிகேட்’, 7 ரூபாய் 12 அணா கொடுத்தால் 10 ரூபாய். இரண்டையும் வகுத்துப் பாருங்கள், இரண்டுமே 77.5 சதவீதம், லண்டன் அச்சில் வார்த்த சென்னைப் பிரதி. நம் அஞ்சலகச் சேமிப்புப் பத்திரங்களின் வம்சாவளி இங்கே போய் முட்டுகிறது. அதே வருஷம் இந்திய அரசு பிரிட்டனின் போருக்கு 10 கோடி பவுண்டு ‘அன்பளிப்பு’ அறிவித்தது. அந்த அன்பளிப்பின் ஒரு பகுதி இந்தியாவில் கடன் திரட்டிக் கொடுக்கப்பட்டது என்பதையும், வட்டி கட்டியது யார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

5 சதவீத வார் லோனில் வேடிக்கை என்னவென்றால், முதல் பதினைந்து வருஷத்தில் அது வாங்கியவருக்கு அருமையான சரக்கு. 1914 ஜூலையை 100 என்று வைத்தால், பிரிட்டிஷ் வாழ்க்கைச் செலவுக் குறியீடு 1920 நவம்பரில் 276-க்குப் போய், 1932-இல் 150-க்கும் கீழே இறங்கிவிட்டது. 1917-இல் வாங்கியவருக்கு 5 சதவீத வட்டியும் வந்தது, அந்த வட்டிக்கு வாங்கும் சக்தியும் கூடியது. தோற்றது நாடு. பவுண்டைப் போருக்கு முந்தைய 4.86 டாலர் மதிப்புக்கே தூக்கி நிறுத்த வேண்டும் என்று அரசு பிடிவாதம் பிடித்தது, 1925-இல் அதைச் செய்தும் முடித்தது. அதற்காகக் கடன் வட்டி உயர்ந்து, ஏற்றுமதி படுத்து, 1921-க்குப் பிறகு வேலையின்மை பத்து சதவீதத்துக்குக் கீழே இறங்குவதே அரிதானது. 1914-இல் 65 கோடி பவுண்டாக இருந்த தேசியக் கடன் போர் முடிந்தபோது 700 கோடியைத் தாண்டியிருந்தது. இருபதுகளில் அரசுச் செலவில் சுமார் 40 சதவீதம் வட்டிக்கே போனது. வேலையில்லாத சுரங்கத் தொழிலாளியும் பீர், தேயிலை வரி கட்டினான். அந்த வரி பத்திரக்காரருக்கு வட்டியாகப் போனது.

1932 ஜூன் 30 அன்று பிரிட்டிஷ் நிதியமைச்சர் நெவில் சேம்பர்லேன் ஆட்டத்தைத் திருப்பினார். சுமார் 208 கோடி பவுண்டு மதிப்புள்ள 5 சதவீதப் பத்திரங்களை 3.5 சதவீதத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஜூலை முடிவதற்குள் ஒப்புக்கொண்டால் நூற்றுக்கு ஒரு பவுண்டு ரொக்கம் என்றார். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஒப்புக்கொண்டார்கள். வட்டியில் மட்டும் ஆண்டுக்கு 3 கோடி பவுண்டு மிச்சம்.

புதுப் பத்திரத்தில் ஒரு வாசகம் இருந்தது: ‘1952 அல்லது அதற்குப் பின்’. இந்த ‘அல்லது’க்குத்தான் மதிப்புரையில் அடிக்கோடு போட வேண்டும். எப்போது அசலைத் தருவது என்பது அரசின் இஷ்டம். வட்டி விகிதம் குறைந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு மலிவாகக் கடன் வாங்கும். ஏறினால் கொடுக்கவே கொடுக்காது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விலைவாசி ஏற ஏற, அரசு கொடுக்கவில்லை. 1970-களின் நடுவில் 100 பவுண்டு பத்திரம் சந்தையில் 25-க்கும் கீழே. 1952-இல் அசல் வரும் என்று எண்ணி அமர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் 2015 மார்ச் 9 அன்று 100 பவுண்டைக் கண்டார்கள். அன்று அடைக்கப்பட்டது 194 கோடி பவுண்டு; பத்திரம் வைத்திருந்தவர்கள் 1,20,000-க்கும் மேல், அவர்களில் 38,000 பேர் கையில் 100 பவுண்டுக்கும் குறைவு. 1917-லிருந்து இந்தக் கடனுக்குக் கட்டிய வட்டி மட்டும் சுமார் 550 கோடி பவுண்டு என்று பிரிட்டிஷ் கடன் மேலாண்மை அலுவலகம் கணக்குச் சொன்னது. ‘அல்லது அதற்குப் பின்’ என்ற வாசகம் உள்ள எந்தப் பத்திரத்தையும் நிரந்தர வட்டிப் பத்திரமாக மட்டுமே மதிப்பிட வேண்டும், அசல் வரும் என்று கணக்கில் எழுதக் கூடாது.

ஜெர்மன் சரக்குக்கு மதிப்பெண் பூஜ்யம். ஆனால் அது எப்படிக் கெட்டது என்பதைப் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் வெளியே தெரிந்த அம்சங்கள் ஐந்திலும் மிக நேர்த்தி. 5 சதவீத வட்டி. விலை நூற்றுக்கு 97 அரைக்குப் பக்கத்தில். 1914 செப்டம்பர் முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மொத்தம் ஒன்பது வெளியீடு, ஏறத்தாழ 9,700 கோடி மார்க். 1924 அக்டோபர் 1 வரை வட்டியைக் குறைக்கவோ பத்திரத்தைத் திரும்பப் பெறவோ மாட்டோம் என்ற உறுதிமொழியும் உண்டு. சேம்பர்லேன் செய்த வேலையை நாங்கள் செய்ய மாட்டோம் என்பது போன்ற வாக்குறுதி.

உள்ளே இருந்த குறை இரண்டு. ஒன்று, வரி. 1916 வரை சொல்லிக்கொள்ளும்படி புதிய போர்வரி எதுவும் போடவில்லை. தோற்பவன் தலையில் கட்டிவிடலாம் என்பதுதான் திட்டம். நிதிச் செயலர் கார்ல் ஹெல்ஃபரிக் 1915-இல் நாடாளுமன்றத்திலேயே, இந்தக் கோடிகளின் பாரத்தை எதிரிகள் சுமக்கட்டும் என்ற பொருளில் பேசினார். எதிரி சுமக்காவிட்டால் என்ன என்பதற்கு மாற்று ஏற்பாடு இல்லை. இரண்டாவது, ‘கடன் நிலையங்கள்’. போர் தொடங்கியதும் திறக்கப்பட்ட இவற்றில் உங்கள் பத்திரத்தை அடகு வைத்துப் பணம் வாங்கலாம், அந்தப் பணத்தில் அடுத்த வெளியீட்டுப் பத்திரம் வாங்கலாம். அடகுச் சீட்டை வைத்தே அடுத்த நகை வாங்குகிற கதை. அந்த நிலையங்கள் கொடுத்த தாள் பணத்தைப் போலவே புழங்கியது. அதை ஜெர்மன் மைய வங்கியான ரைஷ்பாங்க் தன் கையிருப்பாகக் காட்டி, அதன் பேரில் மேலும் நோட்டு அடித்தது. 1916 இலையுதிர் காலத்து ஐந்தாவது வெளியீட்டிலிருந்து, வந்த பணம் அரசின் குறுகிய காலக் கடனை அடைக்கக் கூடப் போதவில்லை. மீதி உண்டியல்கள் நேராக ரைஷ்பாங்க் பெட்டிக்குப் போயின.

முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1923 நவம்பரில் ஒரு டாலர் 4.2 லட்சம் கோடி மார்க். பெர்லினில் ஒரு ரொட்டி 20,000 கோடி மார்க். ஆயிரம் மார்க் பத்திரத்துக்கு வருஷ வட்டி 50 மார்க், அதை வாங்க வங்கிக்கு நடந்து போகும் செருப்புத் தேய்மானத்துக்குக் கூடக் கட்டாது. பத்திரமும் குறுகிய காலக் கடனுமாக 15,400 கோடி மார்க் போர்க்கடன் முழுவதும் சேர்த்துப் புது நாணயத்தில் 15.4 ஃபெனிக். ஒரு ஃபெனிக் என்பது மார்க்கில் நூறில் ஒரு பங்கு. அரசு தவணை தவறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். சட்டப்படி எல்லாம் சரியாக அடைந்துவிட்டது. 1925-இல் போட்ட சட்டம் கொஞ்சம் கை கொடுத்தது: ஆயிரம் மார்க்குக்கு 25 புது மார்க், அதாவது 2.5 சதவீதம். 1920 ஜூலைக்கு முன்பிருந்தே வைத்திருந்த பழைய சொந்தக்காரர் என்று நிரூபித்தால், குலுக்கல் முறையில் 12.5 சதவீதம் வரை. நிரூபிக்க ரசீது வேண்டும். ஒன்பது வருஷம் முந்தைய ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள்.

இனி நம் ஊர். 1962 சீனப் போருக்கு முன் நாட்டு உற்பத்தியில் 2 சதவீதம் அளவில் இருந்த பாதுகாப்புச் செலவு, இரண்டே ஆண்டில் ஏறத்தாழ இரட்டிப்பானது. ஆனால் டெல்லிக்கு அப்போது உண்மையான தட்டுப்பாடு ரூபாயில் அல்ல, அந்நியச் செலாவணியில். ரூபாய் நோட்டை அச்சடிக்கலாம், பீரங்கி விற்கிறவன் அதை வாங்க மாட்டான். ஆகவே பத்திரத்தின் வடிவமே மாறியது. 1965 போர் முடிந்த கையோடு வந்த ‘தேசியப் பாதுகாப்புத் தங்கப் பத்திரம் 1980’ பணம் கேட்கவில்லை, தங்கம் கேட்டது. 10 கிராமுக்கு வருஷம் 2 ரூபாய் வட்டி, 15 வருஷம், முடிவில் தங்கமாகவே திருப்பித் தரப்படும். தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் கழுத்தைப் பிடித்த காலம் என்பதால், தங்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்க மாட்டோம் என்ற சலுகையும் சேர்ந்தது. கணக்கில் வராத தங்கத்துக்கு அதுவே பெரிய வட்டி. 1961-இன் வருமான வரிச் சட்டத்தில் மூலதனச் சொத்து எது என்று சொல்லும் 2(14) பிரிவில் இந்தப் பத்திரத்தின் பெயரைப் படிக்கலாம், விலக்குப் பட்டியலில்.

2 ரூபாய் வட்டி அற்பம். தங்கம் 10 கிராம் 70 ரூபாய்ச் சொச்சம் விற்ற நேரத்தில் அது 3 சதவீதம் கூட இல்லை. ஆனால் 1980-இல் தங்கம் 10 கிராம் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. பணமாகக் கடன் கொடுத்திருந்தால் விலைவாசி தின்றிருக்கும். தங்கமாகக் கொடுத்ததால் தின்ன முடியவில்லை. ஐந்து சரக்குகளில் வாங்கியவருக்கு முழுதாக ஜெயித்தது இதுதான். குறை ஒன்று: ஆரமாகக் கொடுத்தது ஆரமாக வராது. உருக்கிச் சுத்தத் தங்கமாகத்தான் கணக்கு. கல்லும் செய்கூலியும் கொடுத்தவர் தலையில். ஹைதராபாத் நிஜாம் 5,000 கிலோ தங்கத்தைப் போருக்குத் தானமாகக் கொடுத்தார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைக்கும் இங்கே பதில் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் வந்த விவரப்படி அது தானமல்ல, தங்கத் திட்டத்தில் முதலீடு. அளவு 425 கிலோ.

பத்திரம் நல்லதாக இருந்ததால் பொருளாதாரம் தப்பிவிடவில்லை. இரண்டு போர், வறட்சி, வெளிநாட்டு உதவி நிறுத்தம் எல்லாம் சேர்ந்து 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பைக் குறைக்க வைத்தன. டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50-க்குப் போனது. தங்கம் கொடுத்தவருக்கு அது லாபம், மாதச் சம்பளக்காரருக்கு மண்ணெண்ணெய் விலையில் தெரிந்தது.

கடைசிச் சரக்கு இன்றும் விற்பனையில் இருப்பது. ரஷ்யப் படை நுழைந்த ஆறாம் நாள், 2022 மார்ச் 1 அன்று, உக்ரைன் நிதியமைச்சகம் முதல் ராணுவப் பத்திர ஏலத்தை நடத்தியது. முகமதிப்பு ஆயிரம் ஹ்ரிவ்னியா, ஓராண்டுத் தவணை, வட்டி 11 சதவீதம். பின்னர் ‘தீயா’ என்ற அரசுச் செயலியிலேயே, குடிமக்கள் கைபேசியில் எத்தனை பத்திரம் என்று தேர்ந்தெடுத்து, வங்கியையோ தரகரையோ தேர்ந்து, கார்டில் பணம் கட்டி வாங்கும்படி செய்தார்கள். ஒரு பத்திரம் வாங்கினாலும் போதும். தனிநபருக்கு வட்டிக்கு வருமான வரி இல்லை. வாங்கும் வசதியில் மற்ற நான்கும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

வெளிநாட்டு நிதியுதவியில் பெரும்பகுதி ஓய்வூதியம், ஆசிரியர் சம்பளம் போன்ற குடிமைச் செலவுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வருவதால், படைவீரர் சம்பளம் உள்நாட்டு வரியிலிருந்தும் இந்தப் பத்திரத்திலிருந்தும்தான் வர வேண்டும். 2022-இல் நாட்டின் உற்பத்தி சுமார் 29 சதவீதம் சுருங்கிய நிலையில் மக்களும் வங்கிகளும் வாங்கியது போதவில்லை. மீதியை உக்ரைன் தேசிய வங்கி வாங்கியது: அந்த ஒரே ஆண்டில் 40,000 கோடி ஹ்ரிவ்னியா. ஒளிக்கவில்லை, 1914-இன் லண்டனைப் போல இரண்டு அதிகாரிகளின் பெயரில் எழுதவில்லை. ஆனால் விளைவு ஒளியாது. ஆண்டு முடிவில் பணவீக்கம் 26.6 சதவீதம். டாலருக்கு 29.25 என்று கட்டி வைத்திருந்த விகிதத்தை ஜூலையில் 36.57-க்கு இறக்க வேண்டியதாயிற்று.

முதல் ஏலத்தில் ஆயிரம் போட்டவர் 2023 மார்ச்சில் 1,110 வாங்கினார். அந்த மாதம் விலைவாசி ஒரு வருஷத்துக்கு முன்பிருந்ததைவிட 21.3 சதவீதம் மேலே. பழைய விலையில் அவர் கையில் இருந்தது 915. டாலரில் பார்த்தால் கொடுத்தது 34.19, வந்தது 30.35.

அடுத்த வருஷம் அதே பெயர், அதே செயலி, சரக்கு வேறு. 2023-இல் தேசிய வங்கி வாங்குவதை நிறுத்தியது. சர்வதேச நாணய நிதியத்தின் கடன் திட்டமும் அதையே எதிர்பார்த்தது. யாராவது வாங்க வேண்டுமே என்பதற்காக, குறிப்பிட்ட பத்திரங்களைக் கட்டாயக் கையிருப்பில் (வங்கிகள் மைய வங்கியில் வைத்தே ஆக வேண்டிய பணம்) பாதி வரை கணக்குக் காட்டலாம் என்று வங்கிகளுக்கு அனுமதி தரப்பட்டது, ஏலத்தில் வட்டி 18 சதவீதத்துக்கு மேல் ஏறியது. 2024 ஜனவரியில் ஆண்டுப் பணவீக்கம் 4.7 சதவீதம்தான். நல்ல விளைச்சலும் வெளிநாட்டு உதவியும் விலையை இறக்கியதில் பெரும்பங்கு என்றாலும், முதல் வருஷம் இழந்தவர் இரண்டாம் வருஷம் நன்றாகவே ஈட்டினார். அந்த உயர்ந்த வட்டி இப்போது பட்ஜெட்டில் உட்கார்ந்திருக்கிறது. 2024-இல் நாட்டு உற்பத்தியில் 34 சதவீதம் ராணுவத்துக்குப் போனதாக ஸ்டாக்ஹோமின் ‘சிப்ரி’ அமைதி ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கும் நாட்டில், வட்டிக்கும் அதே வரிதான் வழி.

வாங்கும் உக்ரைனியர் பார்க்க வேண்டியது செயலியில் பெரிதாகத் தெரியும் வட்டி எண்ணை அல்ல. ஏல முடிவுகள் வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை வெளியாகும். உள்நாட்டு அரசுப் பத்திரங்கள் யார் யார் கையில் எவ்வளவு என்ற அட்டவணையைத் தேசிய வங்கி தன் தளத்தில் தனியே போடுகிறது: தேசிய வங்கி, வணிக வங்கிகள், நிறுவனங்கள், தனிநபர், வெளிநாட்டார் என்று பிரித்து. முதல் இனத்தை மூன்று மாதத்துக்கு முந்தைய அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். அது குறைந்தோ நின்றபடியோ இருந்தால் ஓராண்டுக்கு மேற்பட்ட தவணையும் எடுக்கலாம். ஏறத் தொடங்கியிருந்தால் இருப்பதிலேயே குறுகிய தவணை, அல்லது டாலரில் வெளியிடும் பத்திரம்.